இரண்டு பாடல்களில் ஒரே தப்பு

டீச்சர் அந்தப் பாட்டை ஒன்பதாவது முறை போட்டபோது நான் காதைப் பொத்திக்கொண்டேன். முதல் மூன்று முறை அது பாட்டாகத்தான் இருந்தது. ஆறாவது முறை தகரக் கூரைமேல் லாரி ஓட்டுகிற மாதிரி ஆனது. இப்போது என் கடைவாய்ப் பல்லில் ஆறிப்போயிருந்த ஒரு வலி மறுபடியும் எழுந்து உட்கார்ந்துகொண்டது.

"காப்பி, கையை எடுத்துட்டுக் கேளு" என்றார் டீச்சர்.

காப்பி என்பது நான்தான். பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சையில் முன்பெஞ்சுக்காரனைப் பார்த்து எழுதி இவரிடம் மாட்டியவன். பிறகு இவர் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுத் துப்பறியும் அலுவலகம் திறந்தார். திருடுகிறவன் புத்தி எந்தப் பக்கம் போகும் என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும் என்று என்னைத் தேடிப்பிடித்து வேலை கொடுத்தார். இதை நான் பாராட்டாக எடுத்துக்கொண்டிருக்கிறேன். வேறு வழியில்லை.

எதிர் நாற்காலியில் இருந்த அம்மாள் ஒரு ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்பவர். நாங்கள் லேப் அம்மா என்று கூப்பிட்டோம். அவருடைய கணவர் கிட்டார் வாசிப்பவர். இரும்பை அரம் போட்டுத் தேய்ப்பது போன்ற முரட்டுச் சத்தம் அவருடையது. அவர் இருந்த இசைக்குழுவில் எல்லாரும் அவரை அரம் என்றே கூப்பிட்டார்கள். ஏழு வருடத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் கம்பி வாங்கிவருவதாகச் சொல்லிவிட்டு, கிட்டாரையும் தூக்கிக்கொண்டு போனவர் திரும்பி வரவில்லை. சண்டை இல்லை, கடிதம் இல்லை. காவல் நிலையத்தில் புகார் வாங்கிக்கொண்டார்கள். வாங்கிக்கொண்டதோடு சரி.

இரண்டு மாதத்துக்கு முன் கூட வேலை செய்யும் ஒரு நர்ஸின் போனில் இந்தப் பாட்டு ஓடியிருக்கிறது. இணையத்தில் ஒரு பக்கம். கறுப்புப் படம், ஒரே ஒரு பாட்டு, யார் பெயரும் கிடையாது. போட்டு ஆறு மாதம் ஆகியிருந்தது. நான்கு விநாடியில் கண்டுபிடித்துவிட்டதாக லேப் அம்மா சொன்னார். கையில் இருந்த ரத்தக் குழாயைக் கீழே போட்டுவிட்டாராம்.

"அந்தப் பக்கத்துக்கு நாப்பத்து மூணு மெசேஜ் எழுதியிருக்கேன்" என்றார். "ஒண்ணுக்கும் பதில் வரல. ஆனா எல்லாத்தையும் படிச்சதாக் காட்டுது. உயிரோட இருக்கார்ங்க. எங்க இருக்கார்னு மட்டும் சொல்லுங்க. வான்னு கூப்பிட மாட்டேன். ஒருதரம் பார்த்துட்டு வந்துடுவேன்."

கூப்பிட மாட்டேன் என்று சொல்லும்போதே அவர் கண் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. எனக்கு அரத்தின் மேல் ஆத்திரம் வந்தது. ஆளைப் பார்த்ததுகூட இல்லை. ஆத்திரப்பட அதெல்லாம் தேவையா என்ன?

டீச்சர் இப்போது பழைய பாட்டைப் போட்டார். அரம் காணாமல் போவதற்கு ஒரு வருடம் முன்பு வீட்டின் பின்னறையில் பதிவு செய்தது. அதே முரட்டுத்தனம், அதே கரகரப்பு. சட்டென்று விரலைத் தூக்கினார். எல்லாவற்றையும்விடத் தடித்த கம்பி அதிர்கிறபோது மட்டும், அந்த இரைச்சலுக்கு அடியில் 'கிணி கிணி' என்று மெல்லிய சத்தம். புதிய பாட்டைப் போட்டார். அதே கம்பி, அதே கிணி கிணி.

இது இசையா என்று கேட்டேன். தப்பு என்றார் டீச்சர். அப்புறம் வகுப்பெடுக்கிற குரலில் சொன்னார்:

"ரெண்டு பேர் ஒரே மாதிரி சரியா எழுதலாம். ஒரே மாதிரி தப்பா எழுத மாட்டாங்க. தப்பு ஒண்ணா இருந்தா, ஒருத்தரே எழுதினதா இருக்கணும். இல்லன்னா பார்த்து எழுதினதா இருக்கணும்."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். பதினெட்டு வருடம் ஆகியும் விடமாட்டார்.

பெயரில்லாத பக்கம், ஊரில்லாத பாட்டு. எங்களுக்குக் கிடைத்த ஒரே நூல் அந்தச் சத்தம்தான். அது எப்படி உண்டாகிறது என்று தெரிந்தால் எங்கே உண்டாகிறது என்று தெரியும் என்பது டீச்சரின் கணக்கு. மூவரும் கிளம்பினோம்.

அரத்தின் கிட்டார்ச் சத்தத்துக்கு எல்லாப் பெட்டிகளையும் செய்துகொடுத்தவருக்கு ஆம்ப்ளி என்று பெயர். ஆம்ப்ளிஃபயர் பழுது பார்க்கிற தொழில், அதனால் அந்தப் பெயர். மாடிப்படிக்கு அடியில் கடை. உள்ளே நுழைய ஒருவர் வெளியே வரவேண்டும். ஈயம் கருகிய வாடை. மேஜை முழுக்க வயிறு திறந்த பெட்டிகள். லேப் அம்மாவைப் பார்த்ததும் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். அரத்தின் பேச்சை எடுத்ததும் முகம் சுருங்கியது.

"அவன் சத்தம், அவன் சத்தம்னு ஊரே சொல்லுச்சு. பெட்டி செஞ்சவன் பேரு எந்த நாய்க்கும் தெரியாது" என்றார்.

அதே சத்தத்தை இங்கே கொண்டுவர முடியுமா என்று டீச்சர் கேட்டார். ஆம்ப்ளிக்கு ரோஷம் வந்துவிட்டது. சுவரில் தொங்கிய கிட்டாரை எடுத்து, தடித்த கம்பியை இன்னும் தளர்த்தினார். முதலில் கம்பியை நேராக ஆம்ப்ளிஃபயரில் கொடுத்தார். சாதுவான சத்தம், கல்யாணப் பந்தலில் வாசிக்கலாம். பிறகு நடுவில், சத்தத்தை உடைத்துக் கரகரப்பாக்குகிற ஒரு சின்ன டிஸ்டார்ஷன் பெட்டியைச் செருகினார். சத்தத்துக்குப் பல் முளைத்தது. அந்தப் பெட்டியிலிருந்த புது பேட்டரியைக் கழற்றிவிட்டு, பாதி செத்த பேட்டரி ஒன்றைப் போட்டார். சத்தம் திணறி, துப்பி, உடைந்து உடைந்து வந்தது. சாகப்போகிற பேட்டரிதான் அந்தக் கோபத்தைக் கொடுக்கும், புதுசு போட்டால் மரியாதையாகப் பேசும் என்றார். கடைசியாக, வேறொரு ஸ்பீக்கரை இழுத்து வைத்தார். அதன் காகிதக் கூம்பில் பிளேடால் மூன்று கீறல் போட்டிருந்தது.

அதில் வாசித்ததும் படிக்கட்டில் யாரோ நின்று எட்டிப் பார்த்தார்கள். லேப் அம்மா புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார். அரம் அந்தக் கடைக்குள் வந்து நின்றுவிட்ட மாதிரிதான் இருந்தது.

ஆனால் கிணி கிணி இல்லை. தடித்த கம்பியை நான்கு முறை மீட்டிப் பார்த்தும் இல்லை. ஆம்ப்ளி தலையை ஆட்டினார். அது கரண்டில் வருகிற சத்தம் இல்லை, அறையில் ஏதோ ஆடுகிறது, மைக் அதையும் சேர்த்துப் பிடித்திருக்கிறது என்றார்.

அதற்குள் டீச்சர் அவர் திறந்துவைத்திருந்த இழுப்பறையைப் பார்த்துவிட்டார். உள்ளே ஆறு பேட்டரிகள். ஒவ்வொன்றிலும் வெள்ளை டேப் ஒட்டி, எத்தனை வோல்ட் என்று எழுதியிருந்தது. பக்கத்தில் தேதி. போன வாரத் தேதி.

"ஏழு வருஷத்துக்கு முன்னாடி போனவருக்காக எடுத்து வெச்ச பேட்டரின்னா இந்நேரம் கருமாதியே முடிஞ்சிருக்கும்" என்றேன். "இது இப்பத்தான் சாகக் கிடக்கு."

யாருக்காக அளந்து வைத்திருக்கிறார் என்று டீச்சர் கேட்டார். ஆம்ப்ளி ஈயம் பற்றவைக்கும் கம்பியை எடுத்து, சூடே இல்லாத அதன் முனையை ஊதினார். சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருப்பதாகச் சொன்னார்.

"அவர்தானே?" என்றார் லேப் அம்மா. "இங்க வர்றாரா?"

ஆம்ப்ளி அவர் முகத்தைப் பார்க்கவில்லை. "எனக்குப் பொய் சொல்ல வராதும்மா. அதான் பேசாம இருக்கேன்" என்றார்.

அந்த மௌனத்தை லேப் அம்மா ஆமாம் என்று எடுத்துக்கொண்டார். உண்மையைச் சொன்னால் நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

ஆம்ப்ளியிடம் கிட்டாரையும் பெட்டியையும் கடன் வாங்கி என் தோளில் மாட்டிவிட்டு, டீச்சர் நேராக லேப் அம்மாவின் வீட்டுக்கு வண்டியை விடச் சொன்னார். பழைய பாட்டு பிறந்த இடம் அதுதான்.

இரண்டு அறை, ஒரு சமையலறை, பின்னால் ஒரு சின்ன அறை. பின்னறையின் சுவருக்கு அந்தப் பக்கம் துணிக் கிடங்கு. என்ன சத்தம் போட்டாலும் சண்டைக்கு வர ஆள் இல்லை என்றுதான் அரம் இந்த வீட்டைப் பிடித்தாராம். அங்கே அவர் விட்டுப்போன பழைய ஆம்ப்ளிஃபயர் பெட்ஷீட் போர்த்திக்கொண்டு நின்றது. வாரம் ஒரு தடவை தூசி தட்டுவதாக லேப் அம்மா சொன்னார். அதற்கு எதிரே ஒரு இரும்பு பீரோ. வேறு ஒன்றும் கிடையாது.

கிட்டாரை வாசிக்க வேண்டியவன் நான். எனக்குத் தெரிந்த ஒரே வித்தை தடித்த கம்பியை இழுத்து விடுவது. விட்டேன். அறை அதிர்ந்தது. என் பல்லும் அதிர்ந்தது. கிணி கிணி மட்டும் வரவில்லை. ஜன்னலைத் திறந்தோம், மூடினோம். ஆம்ப்ளிஃபயரைத் தள்ளி வைத்தோம். வரவில்லை.

டீச்சர் பீரோவின் முன்னால் போய் நின்றார். "சாவி எங்க இருக்கும்?"

தன் கைப்பையில் என்றார் லேப் அம்மா. முன்பெல்லாம் கொத்தோடு பூட்டிலேயே தொங்குமாம். அவர் போனபிறகுதான், தனியாக இருக்கிற வீடு என்று பையில் எடுத்துப்போகிற பழக்கம் வந்ததாம். டீச்சர் அந்தக் கொத்தை வாங்கிப் பூட்டில் செருகித் தொங்கவிட்டார். என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நான் கம்பியை இழுத்தேன்.

கிணி கிணி.

பாட்டில் கேட்டது அதுவேதான். புதிய பாட்டும் இதே அறையில், இதே பீரோ முன்னால், பூட்டில் சாவிக்கொத்து தொங்கிக்கொண்டிருக்கும்போது பதிவானது. ஆனால் லேப் அம்மாவின் கொத்து ஏழு வருடமாக அவர் பையை விட்டு இறங்கியதில்லை. வேறு சாவி உண்டா என்று டீச்சர் கேட்டார்.

"ஒண்ணு உண்டு. அவர்கிட்ட" என்றார் லேப் அம்மா. குரல் உள்ளே போய்விட்டது. "வாசல் சாவி, பீரோ சாவி, எல்லாம் அவர் கொத்துல இருந்துச்சு. அதை எடுத்துட்டுப் போனதாலதான் வருவார்னு நினைச்சேன். வரப்போறதில்லன்னா சாவி எதுக்கு? நான் பூட்டைக்கூட மாத்தல."

அப்புறம் அவர் செய்ததைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. நாற்காலியில் கிடந்த துணிகளை அவசரமாக மடித்தார். ஜன்னல் திரையை நேராக்கினார். கண்ணாடி முன்னால் நின்று நெற்றி முடியை ஒதுக்கிக்கொண்டார். தான் டியூட்டிக்குப் போகிற நேரம் பார்த்து அவர் வந்துவிட்டுப் போகிறார், இனி ஒரு நாள் லீவு போட்டுவிட்டு வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தால் போதும் என்றார். சிரித்தார். அந்தச் சிரிப்பில் பத்து வயது குறைந்திருந்தது.

கேஸ் முடிந்தது என்று நானும் சிரித்தேன். டீச்சர் சிரிக்கவில்லை. வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள் என்று கேட்டார்.

மகள் ஒருத்தி. அப்பா போனபோது பதின்மூன்று வயது, இப்போது இருபது. கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற வேலை. மத்தியானம் சாப்பிட வருவாள். அவளுக்கு இந்தப் பாட்டைப் பற்றிச் சொல்லவே இல்லை என்றார் லேப் அம்மா. அப்பா என்ற பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுவாளாம்.

ஒரு மணிக்கு வாசல் கதவு திறந்தது. மகள் செருப்பைக் கழற்றிவிட்டுப் பின்னறைக்கு வந்தாள். உள்ளே முன்பின் தெரியாத இரண்டு பேர். அதில் ஒருவன் கழுத்தில் கிட்டார். எந்தப் பெண்ணும் எங்களைத்தான் முதலில் பார்ப்பாள். இவள் பார்வை நேராகப் பீரோவின் பூட்டுக்குப் போனது. அங்கே தொங்கிய கொத்தைப் பார்த்ததும் அவள் கை தன் தோள்பையை இறுக்கிப் பிடித்தது.

டீச்சர் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "உன் பையில இருக்கிற கொத்தை எடும்மா" என்றார்.

நீங்கள் யார் என்றுகூட அவள் கேட்கவில்லை. பையைத் திறந்து, துருவேறிய வளையம் ஒன்றை எடுத்து ஆம்ப்ளிஃபயர் மேல் வைத்தாள். லேப் அம்மா அதைத் தொடாமல் குனிந்து பார்த்தார்.

"இது அவரோடது" என்றார். "உன்கிட்ட குடுத்தாரா? எப்பப் பார்த்த?"

"குடுக்கல. செருப்பு ஸ்டாண்டு மேல இருந்துச்சு" என்றாள் மகள். "அவர் போன அன்னிக்கே. அவர் சாவியைக் கொண்டு போயிருக்கார், வருவார்னு நீ எல்லார்கிட்டயும் சொல்லிட்டு இருந்த. நான் எடுத்து ஒளிச்சு வெச்சுட்டேன்."

பதின்மூன்று வயதில் அந்தப் பெண் அப்படி ஒரு காரியம் செய்து, அதை ஏழு வருடம் சுமந்திருக்கிறாள். எனக்கு அந்த வயதில் விடைத்தாளைச் சுமக்கவே முடியவில்லை.

மீதியை அவள் நின்றபடியே சொன்னாள். டீச்சர் அங்கங்கே ஒரு கேள்வி கேட்டார், அவ்வளவுதான். மூன்று வருடம் கடைக்குப் பக்கத்தில் ஒருவரிடம் கிட்டார் கற்றிருக்கிறாள். கிட்டாரையும் அங்கேயே வைத்திருந்தாள். ஆம்ப்ளியிடம் கெஞ்சி அதே மாதிரிப் பெட்டி செய்து வாங்கினாள், யாரிடமும் சொல்லக்கூடாது என்று வாக்கும் வாங்கினாள். அம்மா டியூட்டிக்குப் போகிற நாளில் கிட்டாரைக் கொண்டுவந்து இந்த அறையில் வாசித்தாள். எல்லாம் சரியாக வந்தும் ஏதோ குறைந்தது. பழைய பாட்டை நூறு தடவை கேட்டுத்தான் சாவிக்கொத்தைக் கண்டுபிடித்தாள். அப்பாவின் கொத்தை ஒளித்த இடத்திலிருந்து எடுத்துத் தொங்கவிட்டபோது சத்தம் முழுசாயிற்று.

எதற்காக என்று டீச்சர் கேட்டார்.

"நமக்காக வர மாட்டார். அது எனக்கு அப்பவே தெரியும்" என்றாள். "அவர் சத்தத்தை யாராவது திருடினா வருவார். சண்டை போடறதுக்காவது வருவார்னு நினைச்சேன்."

லேப் அம்மா மெல்லத் தரையில் உட்கார்ந்தார். அவர் கேட்டது நான் எதிர்பார்த்த கேள்வி இல்லை.

"நான் எழுதினதை எல்லாம் நீதான் படிச்சியா?"

மகள் தலைகுனிந்தாள்.

"நாப்பத்து மூணையும்?"

"ம்."

"அது என் புருஷனுக்கு எழுதினது" என்றார் லேப் அம்மா. கத்தவில்லை. கத்தியிருந்தால் எங்களுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். "பக்கத்து ரூம்ல உட்கார்ந்து எழுதினேன். நீ இந்தப் பக்கம் உட்கார்ந்து படிச்சியா? ஒரு வார்த்தை, இது நான்தாம்மான்னு சொல்ல உனக்கு மனசு வரலையா?"

மகள் போனை எடுத்து, எதையோ தேடி, அம்மாவிடம் நீட்டினாள். லேப் அம்மா வாங்கவில்லை. டீச்சர் வாங்கினார். படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தார். பிறகு என்னிடம் கொடுத்தார். சத்தமாகப் படி என்று கண்ணால் சொன்னார். அந்த வேலையை என்னிடம் தள்ளிவிட்டதற்காக அவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

பாட்டைப் போட்ட மூன்றாவது வாரம் அந்தப் பக்கத்துக்கு வந்த செய்தி அது. படித்தேன்.

"கிட்டார் வாசிப்பவருக்கு. இந்தச் சத்தம் என்னுடையது. அமைக்க எனக்கு ஆறு வருடம் ஆயிற்று. கடைசிச் சுரத்தில் கையைச் சீக்கிரம் எடுத்துவிடுகிறீர்கள். அது தானாக அடங்கும்வரை விடவேண்டும். இனி இதைப் பயன்படுத்தாதீர்கள்."

கீழே மகளின் பதில்: "அப்பா, நான்தான். அம்மா நல்லா இருக்காங்க. நீங்க எங்க இருக்கீங்க?"

அதற்கும் கீழே கடைசியாக ஒன்று. அதையும் படித்தேன்.

"நீ என்று தெரியும். அந்த அறையின் சத்தம் எனக்குத் தெரியாதா? அதனால்தான் மரியாதையாகச் சொன்னேன்."

அத்தோடு தன் இணையக் கணக்கையே மூடிவிட்டுப் போயிருந்தார்.

வெளியே ஏதோ வண்டி பின்னுக்கு வரும் சத்தம் கேட்டது. அது நின்றதும் மகள் பேசினாள்.

"உனக்குத் தேடறதுக்கு ஒரு ஆள் இருந்தாரும்மா. எனக்கு இந்த மெசேஜ் வந்த அன்னிக்கோட இல்லாம போயிட்டார். உனக்காவது இருக்கட்டும்னுதான் சொல்லல."

கணக்கை மூடினாலும் தடம் இருக்கும், ஆளைப் பிடித்துவிடலாம், தேடட்டுமா என்று டீச்சர் கேட்டார். அவர் கேட்டு நான் பார்த்ததிலேயே மிகவும் மெதுவான கேள்வி அது.

"வேண்டாங்க" என்றார் லேப் அம்மா. "எங்கயாவது அடிபட்டு, பேர் மறந்து கிடப்பார்னு நினைச்சேன். அப்படித்தான் இருக்கணும்னு வேண்டிக்கிட்டேன். செத்துட்டாரோன்னு அழுதிருக்கேன். நல்லா இருக்கார்னு தெரிஞ்சு எப்படி அழறதுன்னு எனக்குத் தெரியல."

எழுந்து மகள் பக்கம் திரும்பாமல் சமையலறைக்குப் போனார். குழாயைத் திறக்கும் சத்தம் கேட்டது. பாத்திரம் எதுவும் உருளவில்லை. தண்ணீர் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது.

மனதுக்குள் அரத்தை எனக்குத் தெரிந்த கெட்ட வார்த்தைகள் எல்லாவற்றாலும் திட்டிக்கொண்டே நான் கிட்டாரை உறையில் போட்டேன். டீச்சர் வாசல்வரை போய்விட்டுத் திரும்பி வந்தார். இவருக்கு எப்போதும் ஒரு கேள்வி கூடுதலாக இருக்கும். அன்றைக்கு அதைக் கேட்காமல் விட்டிருக்கலாம்.

"அவர் சொன்ன மாதிரி, கடைசிச் சுரத்துல கையை எடுக்காம வாசிச்சுப் பார்த்தியாம்மா?"

அதுவரை சொட்டுக் கண்ணீர் விடாத பெண், பீரோவில் சாய்ந்துகொண்டாள்.

"பார்த்தேன்" என்றாள். "அவர் சொன்னது சரிதான்."

அதைச் சொல்லும்போதுதான் அவள் அழ ஆரம்பித்தாள்.